பொம்மையா டேப்லெட்டா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பொம்மைங்க உயிரோட உலாவுற டாய் ஸ்டோரி படத்துக்கு அஞ்சாவது பாகமாமே, மூணாவதுலயே கதை முடிஞ்சுபோச்சேங்க, இன்னும் சொல்ல என்ன இருக்கு? (ஈரோடு வாசகி)

பதில்: இருக்குங்க, நிறையவே இருக்கு. படத்துக்கு 2026 ஜூன் 19-ன்னு தேதி குறிச்சிருக்காங்க, இயக்கம் ஆண்ட்ரூ ஸ்டான்டன், ஃபைண்டிங் நீமோ எடுத்தவர். சின்னப் பொண்ணு போனி வீட்டுக்கு தவளை முகம் வச்ச டேப்லெட் ஒண்ணு வருது, லில்லிபேட்னு பேரு, இனிமே நம்மகூட யாரு விளையாடுவாங்கன்னு பொம்மைங்களுக்கு பயம் புடிச்சுக்குது. இந்த தடவை கதை ஜெஸ்ஸிங்கற கவ்கேர்ள் பொம்மையைச் சுத்திதான் போகுதுங்கறது எனக்கு ரொம்ப சந்தோஷம். ரெண்டாவது பாகத்துல பாத்திருப்பீங்க, ஜெஸ்ஸியை வச்சு விளையாடின பொண்ணு எமிலி வளர வளர அலமாரில மேக்கப் சாமான் ஏறிடும், ஜெஸ்ஸி கட்டிலுக்கு அடியில கிடப்பா, ஒருநாள் கை நீட்டி எடுக்கறாளேன்னு பாத்தா கொண்டுபோய் தானப்பெட்டில போட்டுட்டு போயிடுவா எமிலி. ஒரு தடவை அதை அனுபவிச்சவளுக்கு டேப்லெட்டைப் பாத்தா எப்படி இருக்கும்? நம்ம வீட்டுலயும் சோறு ஊட்ட ஃபோன் வேண்டியிருக்கு, அதனால இந்தக் கதை பெத்தவங்களைத்தான் முதல்ல குத்தும்னு தோணுது.

கேள்வி: ரிலீசுக்கு முன்னாடி படிக்கற கதைதான் படத்துலயும் இருக்குமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: அப்படி நம்பிடாதீங்க. டாய் ஸ்டோரி எடுக்கற பிக்ஸார் கம்பெனியோட எலியோ படத்தை 2022-ல அறிவிச்சப்ப ஓல்காங்கற பாத்திரம் எலியோங்கற பையனுக்கு அம்மா, 2025-ல படம் வந்தப்ப அத்தை ஆயிட்டாங்க, குரல் கொடுத்தவங்களும் மாறிட்டாங்க, இயக்குநரும் மாறியாச்சு. ஒரு பொண்ணு மனசுக்குள்ள இருக்கற உணர்ச்சிங்களே பாத்திரமா வர்ற இன்சைட் அவுட்ல, முதல்ல ஜாய்ங்கற சந்தோஷம் கூட போனது பயம், சோகம் இல்ல! ரொம்ப நாள் வேலை பாத்த பிறகுதான் இயக்குநர் பீட் டாக்டர் அதை மாத்தினாரு. கம்ப்யூட்டர்ல முழுசா உருவம் கொடுக்க செலவு எக்கச்சக்கம், அதனால முதல்ல கதையை படமா வரைஞ்சு, ஆபீஸ் ஆளுங்களையே பேசவச்சு ஓட்டிப் பாப்பாங்க, சரியில்லனா கலைச்சுட்டு திரும்ப வரைவாங்க. முதல் டாய் ஸ்டோரிக்கே 1993-ல அப்படி போட்டுக் காட்டினதுல கவ்பாய் பொம்மை வுட்டி ரொம்ப கெட்டவன், பஸ்ங்கற விண்வெளி வீரர் பொம்மையை வேணும்னே ஜன்னல் வழியா தள்ளிவிடுவான், பாத்த டிஸ்னிக்காரங்க வேலையையே நிறுத்திட்டாங்க. நாம பாத்த படத்துல வுட்டி அவனை மேசைக்குப் பின்னாடி விழவைக்கத்தான் பாப்பான், குளோப் உருண்டு, மேசை விளக்கு திரும்பி இடிச்சு அவன் வெளிய விழுந்துடுவான். இந்த ஒரு மாத்தம் இல்லனா வுட்டியை யாருக்குங்க பிடிச்சிருக்கும்?

கேள்வி: எல்லாமே ரெண்டு, மூணு, அஞ்சுன்னு வருதே, புதுக் கதையே கிடையாதா? (சேலம் வாசகி)

பதில்: இருக்கு, நாமதான் போய் பாக்க மாட்டேங்கறோம். இன்சைட் அவுட் 2 உலகம் முழுக்க கிட்டத்தட்ட 170 கோடி டாலர் அள்ளுச்சு, அடுத்த வருஷமே புதுக் கதையோட வந்த எலியோவுக்கு அமெரிக்காவுல முதல் வார இறுதி வசூல் 2 கோடி டாலர் சொச்சம்தான், பிக்ஸார் வரலாற்றுலயே குறைவான ஆரம்பம். அப்புறம் எந்த கம்பெனி துணிஞ்சு புதுசா எடுக்கும் சொல்லுங்க. ஆனாலும் 2027-க்கு காட்டோன்னு ஒண்ணு வருது, லூக்காங்கற படத்தை எடுத்த என்ரிகோ கசரோசா படம், நான் ரொம்ப எதிர்பாக்கறது இதைத்தான். வெனிஸ் நகரத்துல நீரோன்னு ஒரு கருப்புப் பூனை, பூனைங்களோட தாதா ஒருத்தன்கிட்ட கடன்பட்டு மாட்டிக்குது, வாழ்ந்த வாழ்க்கையெல்லாம் சரிதானான்னு அதுக்கு ஒரு சந்தேகம், எதிர்பாக்காத ஒரு நட்பு வந்து சேருது. சகுனம் பாக்கற ஊர்ல கருப்புப் பூனையா பொறந்தா என்ன பாடுன்னு நமக்கு விளக்கவே வேண்டாம், பூனை குறுக்கால போச்சுன்னா நின்னு தண்ணி குடிச்சுட்டு கிளம்பற ஆளுங்கதானே நாம. குழந்தைங்களை கூட்டிட்டு முதல் வாரமே தியேட்டருக்கு போங்க.

கேள்வி: அந்த பச்சை ராட்சசன் ஷ்ரெக் படம் திரும்ப வருதா சார்? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: வருது, 2027 ஜூன் 30-ன்னு அறிவிப்பு. மைக் மையர்ஸ், எடி மர்ஃபி, கேமரூன் டயஸ்னு பழைய குரல்காரங்க மூணு பேரும் இருக்காங்க, ஷ்ரெக் பொண்ணுக்கு ஜென்டயா குரல். போன ஷ்ரெக் படம் 2010-லங்கறதால வீட்டுப் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, முதல் ரெண்டு பாகத்தை போட்டுக் காட்டிடுங்க, மூணாவது கட்டாயமில்ல.