எலும்பு கூடும்வரை தாங்குமா மெக்னீசியம்?

வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறவர், மதுரையில் ஒரு பொறியியல் கல்லூரியில் உலோகவியல் கற்றுத்தந்து ஓய்வு பெற்ற பேராசிரியர்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் ரிங் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. தகடு வைத்திருக்கிறார்கள். ஒன்றரை வருடம் கழித்து மறுபடியும் அறுத்து அதை எடுக்க வேண்டுமாம். தானாகவே கரைந்துபோகும் மெக்னீசியத் தகடு வந்துவிட்டது என்கிறார்களே, அதை ஏன் வைக்கவில்லை?
- ஒரு தாய், திருமங்கலம்

பதில்: அம்மா, உங்கள் டாக்டர் செய்தது சரி. முழங்காலுக்குக் கீழே இருக்கும் அந்த எலும்பில் உடம்பின் பாரம் மொத்தமும் இறங்குகிறது. மெக்னீசியத்தில் இன்று மனிதர்களுக்கு வைக்கப்படுபவை பெரும்பாலும் சின்னச் சின்ன ஸ்க்ரூக்கள்தான். ஜெர்மனியில் ஹானோவர் நகரத்து நிறுவனம் ஒன்று செய்த மெக்னீசிக்ஸ் ஸ்க்ரூவுக்கு 2013-ல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. கால் கட்டைவிரல் எலும்பு கோணிப்போனதை நேராக்குவது போன்ற சின்ன எலும்பு வேலைகளுக்கு அது பயன்படுகிறது. 2015-ல் தென்கொரியாவில் மெக்னீசியம், கால்சியம், துத்தநாகம் கலந்த ஸ்க்ரூ வந்தது. இதய ரத்தக்குழாயில் வைக்கும் மெக்னீசிய ஸ்டென்ட் ஒன்றுக்கு 2016-ல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. முழங்காலுக்குக் கீழே பாரம் தாங்கும் தகடு என்பது இதையெல்லாம் விடப் பெரிய சோதனை.

ஆனால் நீங்கள் ஆசைப்படுவதில் தவறே இல்லை. கான்கிரீட் இறுகும்வரை சென்ட்ரிங் முட்டு நிற்க வேண்டும், இறுகியதும் போய்விட வேண்டும். எலும்புக்கு வைக்கும் தகடும் அப்படித்தான் இருக்க வேண்டும். எஃகு போவதில்லை. அது எலும்பைவிடப் பல மடங்கு விறைப்பானது: எஃகின் மீள்மைக் கெழு 200 ஜிகாபாஸ்கல் அளவு, டைட்டானியம் 110, எலும்பின் கெட்டியான பகுதியே 10 முதல் 30-க்குள். பாரத்தைத் தகடே சுமந்துகொண்டால், வேலை இல்லாத எலும்பு மெலியும். மெக்னீசியம் 45-க்குள் நிற்கிறது, எடையும் எலும்பை ஒட்டியது. மகன் ஒருவனை மறுபடி மதுரைக்குக் கூட்டிவந்து படுக்க வைத்து, கூட ஒரு ஆள் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது ஒரு வீட்டுக்கு எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டாவது அறுவையை இல்லாமல் ஆக்கத்தான் இத்தனை பேர் இந்த உலோகத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

கேள்வி: பள்ளியில் மெக்னீசிய நாடாவைக் கொளுத்திக் காட்டுவோம், கண் கூசும். வெந்நீரில் போட்டால் குமிழி விடும். அதைப் போய் உடம்புக்குள் வைக்கலாமா?
- ஓய்வு பெற்ற ஆசிரியர், உசிலம்பட்டி

பதில்: ஐயா, தீயைப் பற்றிக் கவலை வேண்டாம். மெல்லிய நாடாவும் தூளும் பற்றுவது போல கட்டி உலோகம் பற்றாது, உடம்புக்குள் பற்றவே வழியில்லை. நஞ்சும் அல்ல. வளர்ந்த மனிதரின் உடம்பில் சுமார் 25 கிராம் மெக்னீசியம் இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் எலும்பில்.

நீங்கள் சொன்ன குமிழிதான் விஷயம். மெக்னீசியம் தண்ணீரோடு சேர்ந்தால் மெக்னீசியம் ஹைட்ராக்சைடும் ஹைட்ரஜன் வாயுவும் வரும். ஒரு கிராம் கரைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வாயு. 3 மில்லிமீட்டர் தடிமனும் 3 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு ஸ்க்ரூ 0.4 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு வருடத்தில் கரைந்தால் நாளுக்கு ஒரு மில்லிலிட்டர் சொச்சம் வாயு, திசு அதை உறிஞ்சி வெளியேற்றிவிடும். பத்தே நாளில் கரைந்தால் நாளுக்கு 40 மில்லிலிட்டர். தோலுக்கடியில் பை போலத் தேங்கிவிடும்.

இது கற்பனை இல்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த அல்பான் லம்போத் என்ற அறுவை மருத்துவர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மெக்னீசியத் தகட்டை எஃகு ஆணியால் பிணைத்து காலில் வைத்தார். எட்டே நாளில் தகடு சிதைந்தது, தோலுக்கடியில் வாயு. இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டு உப்பு நீரில் நின்றால், மின்னழுத்தத்தில் தாழ்ந்தது கரையும். மெக்னீசியத்தின் மின்முனை அழுத்தம் மைனஸ் 2.37 வோல்ட். கட்டுமான உலோகங்களில் இவ்வளவு தாழ்ந்தது வேறு இல்லை. நம் ரத்தமோ உப்பு நீர்.

கேள்வி: இறுதியாண்டு புராஜெக்டுக்காக மெக்னீசியக் கலவைத் தகட்டில், எலும்பில் உள்ள கனிமமான ஹைட்ராக்சிஅபடைட் பூச்சு செய்திருக்கிறேன். உடல் திரவம் போன்ற எஸ்.பி.எஃப். கரைசலில் போட்டால் முதல் நாள் குமிழி விடுகிறது, நான்காம் நாள் அடங்கிவிடுகிறது. பூச்சு வெற்றி என்று எழுதலாமா?
- மாணவர், மதுரை

பதில்: தம்பி, இப்போது எழுதாதீர்கள். முதலில் அந்தக் கரைசலின் பி.எச். பாருங்கள். மெக்னீசியம் கரையக் கரைய கரைசல் காரமாகிக்கொண்டே போகும். சின்ன பீக்கரில் கொஞ்சம் கரைசல் ஊற்றி வைத்திருந்தால் 10-ஐத் தாண்டியிருக்கும். அந்தக் காரத்தில் ஹைட்ராக்சைடு படலம் கரையாமல் நின்று உலோகத்தை மூடிக்கொள்ளும். குமிழி அடங்கியதற்குக் காரணம் உங்கள் பூச்சா, கெட்டுப்போன கரைசலா என்று சொல்ல முடியாது. உடம்பில் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது, பி.எச். 7.4-ஐ விட்டு நகராது. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்குக் குறைந்தது 20 மில்லிலிட்டர் கரைசல் வையுங்கள், தினமும் மாற்றுங்கள், 37 டிகிரியில் வையுங்கள். பி.எச்.-ஐப் பிடித்து வைக்க டிரிஸ் என்ற ரசாயனம் சேர்த்தால் அதுவே அரிப்பைக் கூட்டும். கார்பன் டை ஆக்சைடும் பைகார்பனேட்டும் உடம்பின் வழி, முடிந்தால் அதைப் பின்பற்றுங்கள். பூச்சில்லாத துண்டு ஒன்றும் பக்கத்திலேயே இருக்கட்டும். குமிழியைக் கண்ணால் பார்த்து எழுதாமல், துண்டின் மேல் புனலைக் கவிழ்த்து, அதன் மேல் ப்யூரெட்டைத் தலைகீழாக நிறுத்தி வாயுவை அளந்து எழுதுங்கள்.

அப்புறம் இன்னொன்று, இதை என் மாணவர்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். துண்டை எதனால் அறுத்தீர்கள்? ஹாக்சா பிளேடு என்றால் அறுத்த விளிம்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள். தட்டையான முகம் அமைதியாக இருக்கும்போது, விளிம்பில் மட்டும் ஊசிமுனைக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பும். பிளேடு விட்டுப்போன இரும்புத் துணுக்குகள் அங்கே ஒட்டியிருக்கின்றன. ஒவ்வொரு துணுக்கைச் சுற்றியும் குழி விழும், பூச்சுக்கு அடியிலும் விழும். சிலிக்கன் கார்பைடு தாளில் எத்தனாலை ஊற்றித் தேய்த்து, நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் கொஞ்ச நேரம் அலசிவிட்டு, பிறகு பூச்சுக்குப் போங்கள். உலர்ந்த மெக்னீசியத் தூளைக் குவிய விடாதீர்கள், தீப்பிடிக்கும். ஃப்ளூரைடு பூச்சு முயலலாம் என்று யாராவது சொன்னால், ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தைக் கல்லூரி லேபில் தொடவே வேண்டாம். தோல் வழியே எலும்புவரை போகும் அமிலம் அது.

கேள்வி: பூச்சு, கலவை, பதப்படுத்தல் என்று பல வழி சொல்கிறார்கள். அரிப்பைக் குறைக்க எது முதல்?
- வாசகர், காரைக்குடி

பதில்: மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் இருக்கிற ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவது மகிழ்ச்சி. என் பதில்: சுத்தம் முதல். வார்த்த மெக்னீசியத்தில் இரும்பு எடையில் பத்து லட்சத்துக்கு 170 பங்கு அளவைத் தாண்டினால் அரிப்பு திடீரென்று பல மடங்கு ஏறும். சூடாக்கிப் பதப்படுத்தினால் அந்த எல்லை இன்னும் கீழே இறங்கும். செம்பும் கெடுதல்தான். நிக்கல் இரும்பைவிட மோசம், அதனால் நிக்கல் உள்ள எவர்சில்வர் மூசையில் மெக்னீசியத்தை உருக்கக் கூடாது. சிர்கோனியம் சேர்த்தால் இரும்போடு கூடி உருக்கின் அடியில் படிந்துவிடும், மாங்கனீசும் கொஞ்சம் உதவும். விலை உயர்ந்த பூச்சு யோசிப்பதற்கு முன்னால், உருக்கிய இடத்திலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. இதை யாரும் பெருமையாகப் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

கலவையில் அளவு தவறக் கூடாது. கால்சியம் ஒரு சதவீதத்தைத் தாண்டினால் அது உண்டாக்கும் சேர்மமே மெக்னீசியத்துக்கு முன்னால் கரையும். துத்தநாகம் அதிகமானால் அதன் துகள்கள் சுற்றியுள்ள உலோகத்தைக் கரைக்கும். இட்ரியமும் நியோடைமியமும் சேர்த்த டபிள்யூ.ஈ.43 கலவை நன்றாகத் தாங்கும். அலுமினியம் சேர்த்த தொழிற்சாலைக் கலவைகளை உடம்புக்கு வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை, நரம்பு பற்றிய ஐயம் இருக்கிறது. எக்ஸ்ட்ரூஷனில், அதாவது அச்சின் துளை வழியே அழுத்தித் தள்ளி, உலோகத்தின் பருக்கைகளைச் சிறிதாக்கினால் வலு ஏறும், அரிப்பும் பெரும்பாலும் சீராகும். பூச்சு கடைசி. மின்பொறியால் உலோகத்தின் மேலேயே ஆக்சைடை வளர்க்கும் பிளாஸ்மா ஆக்சிஜனேற்றப் பூச்சில் நுண்துளைகள் இருக்கும், அவற்றை அடைத்தால்தான் பலன். ஸ்க்ரூவை எலும்பில் முறுக்கும்போதே பூச்சு உரிவதும் உண்டு. பூச்சு முதல் சில வாரங்களைத் தாங்கினால் போதும், அதற்குப் பின் உலோகத்தின் சுத்தம்தான் காக்கும். அரிப்பே இல்லாமல் செய்துவிடுவதும் நமக்கு வேண்டாம். எலும்பு கூடும் அந்த மூன்று நான்கு மாதம் ஒரே சீராக, குழி விழாமல் கரைய வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்குச் சிறுநீரகப் பிரச்சினை. மெக்னீசிய ஸ்க்ரூ வைக்கலாமா?
- வாசகி, மேலூர்

பதில்: மிஞ்சிய மெக்னீசியம் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. முன்னே சொன்ன 0.4 கிராம் ஸ்க்ரூ ஒரு வருடத்தில் கரைந்தால் நாளுக்கு ஒரு மில்லிகிராம் அளவுதான், சாப்பாட்டில் நாளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் தேவை. கணக்கில் சின்னதுதான். ஆனாலும் சிறுநீரக டாக்டரைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள் அம்மா. கடைசியாக எடுத்த ரத்த ரிப்போர்ட்டை எலும்பு டாக்டரிடமும் காட்டுங்கள்.