ஆறு ஷில்லிங் கூலி

அன்புள்ள சார்,

கால்பந்தும் ரக்பியும் பிரிட்டனின் பணக்காரப் பள்ளிகள் உண்டாக்கியவை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் வட இங்கிலாந்தின் ஆலை ஊர்களில் மட்டும் 13 பேர் ஆடுகிற இன்னொரு ரக்பி எப்படி வந்தது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வரியை அவசரத்தில் எழுதிவிட்டேன். பள்ளிகள் எழுதியது விதிகளை. பந்தாட்டம் அதற்கு வெகுகாலம் முன்பே தெருவில் இருந்தது. டெர்பிஷயரின் ஆஷ்போர்னில் தவக்காலத்துக்கு முந்தைய நாளும் அது தொடங்குகிற நாளும் ஊரே இரண்டு கட்சியாகி இன்றைக்கும் ஆடுகிறது, இரண்டு கோலுக்கும் நடுவே 3 மைல்! 1835இல் சாலையில் பந்தாடினால் 40 ஷில்லிங் வரை அபராதம் என்று சட்டம் வந்தது. பொது மேய்ச்சல் நிலங்களில் பெரும்பகுதிக்கு அதற்குள் வேலி போட்டாயிற்று. வாரத்தில் ஆறு நாள் ஆலை, ஏழாம் நாள் தேவாலயம். அப்புறம் எங்கே, எப்போது ஆடுவது?

வழி விட்டது 1850 தொழிற்சாலைச் சட்டம். நெசவாலைகளில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் சனிக்கிழமை 2 மணியோடு வேலை முடிய வேண்டும் என்றது, அவர்கள் போய்விட்டால் ஆண்களை மட்டும் வைத்து ஆலையை ஓட்ட முடியாது. சனிக்கிழமை ஆட்டம் 3 மணிக்குத் தொடங்குகிற வழக்கம் இந்த அரைநாள் விடுமுறையில் பிறந்ததுதான்.

இனி உங்கள் கேள்வி. விகனில் நிலக்கரி வெட்டுகிற ஒருவன் பிராட்ஃபோர்டில் போய் ரக்பி ஆட வேண்டுமென்றால், ரயில் பிடிக்கக் காலை வேலையை விட்டாக வேண்டும், விட்டால் கூலி போச்சு. மைதானத்தில் டிக்கெட் காசு குவிகிறது, அதைக் கொடுப்பதும் இவனைப் போன்ற தொழிலாளிகள்தான், ஆனால் ஆடுகிறவன் மட்டும் அன்றைக்குப் பட்டினி. 'ஊதியம் வேண்டாம், விட்ட கூலியையாவது ஈடுகட்டுவோம்' என்று வடக்குக் கிளப்புகள் கேட்டன. ஆட்டத்தை நிர்வகித்த ரக்பி யூனியன் 1893இல் மறுத்துவிட்டது. பணத்துக்கு ஆடுவது இழிவாம்! சனிக்கிழமைக் கூலியை நம்பி வாழாதவர்களுக்கு அப்படிச் சொல்வது சுலபம். படகுப்போட்டிக்காரர்கள் இன்னும் மோசம். ஹென்லியில் 1879இல் போட்ட விதிப்படி கூலிக்குக் கைவேலை செய்கிறவன் அமெச்சூரே, அதாவது காசுக்கு ஆடாதவனே, கிடையாது, துடுப்புப் போட்டு அவன் ஒரு பைசா வாங்கியிராவிட்டாலும் சரி.

கால்பந்துக்காரர்கள் 1885லேயே ஊதியத்தை ஏற்றுக்கொண்டு பிழைத்தார்கள். ரக்பி உடைந்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி வடக்குக் கிளப்புகள் தனியே போயின. விட்ட வேலைக்கு நாளொன்றுக்கு 6 ஷில்லிங் என்று முடிவாயிற்று. மூன்று வருடத்தில் முழு ஊதியத்தையே அனுமதித்தார்கள், ஆனால் ஆடுகிறவனுக்கு வெளியே உருப்படியான வேலை ஒன்று இருக்க வேண்டும், மதுக்கடையில் பரிமாறுவதெல்லாம் கணக்கில் வராது என்று ஒரு நிபந்தனை. கண்டிப்பில் இவர்களும் குறைந்தவர்கள் இல்லை. அணிக்கு 15 பேர் என்றிருந்தது 13 ஆனது 1906இல்.

அந்தப் பக்கம், ரக்பி யூனியனில் ஊதியத்தை அனுமதித்தது எப்போது தெரியுமா? 1995இல், அதுவும் ஆகஸ்டில். நூறு வருடம் பிடித்திருக்கிறது.

பழைய பதிவில் அந்த வரியைத் திருத்திவிட்டேன்.