ஆய்வேட்டில் ரிலையன்ஸ் ஒரே நாளில் 50% சரிவு: எங்கே தவறு?

உங்கள் ஆய்வேட்டுத் தரவில் ரிலையன்ஸ் பங்கு ஒரே நாளில் 50% விழுந்ததாகத் தெரிவது சரிவே அல்ல, போனஸ் பங்கு வெளியீட்டின் விளைவு. 2024 அக்டோபர் 28 முதல் ரிலையன்ஸ் பங்கு 1:1 போனஸுக்கு (கையிலிருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் இலவசமாக இன்னொரு பங்கு) பிந்தைய விலையில் வர்த்தகமாகிறது. நம் கிருஷ்ணகிரி மண்டியில் ஒரு கூடை மாங்காயை இரண்டு கூடையாகப் பிரித்தால் கூடை விலை பாதியாகும்; காய் ஒன்றும் குறையாது. உங்கள் எக்செல் கோப்பில் இருப்பது போனஸுக்கு ஏற்பச் சரிசெய்யப்படாத முடிவு விலை (அன்றைய வர்த்தக இறுதி விலை) என்றே தோன்றுகிறது.

தினசரி வருவாயை (முந்தைய நாள் விலையிலிருந்து வந்த சதவீத மாற்றம்) ஏறுவரிசையில் அடுக்குங்கள். 20 சதவீதத்துக்கு மேல் விழுந்த நாட்களைப் போனஸ், பங்குப் பிரிப்புத் தேதிகளோடு ஒப்பிடுங்கள். கோப்பில் அந்த நாட்களுக்கான வரிசைகளைத் தயவுசெய்து நீக்கிவிடாதீர்கள்! 1:1 போனஸ் என்றால் அதற்கு முந்தைய விலைகள் அனைத்தையும் இரண்டால் வகுத்தால் போதும்.

சில தரவுகளில் டிவிடெண்டையும் (ஈவுத்தொகை) சேர்த்துச் சரிசெய்திருப்பார்கள். அப்படியானால் ஒப்பீட்டுக்கு டிவிடெண்டையும் கணக்கில் சேர்க்கும் நிஃப்டி 50 மொத்த வருவாய்க் குறியீட்டையே எடுக்க வேண்டும். சாதாரண நிஃப்டியில் டிவிடெண்ட் சேராது.