கழற்றி மாட்டும் போன் சென்னைக்குச் சரிவருமா?

கேள்வி: என் ஆண்ட்ராய்டு போன் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. காலையில் முழு சார்ஜ் போட்டாலும் மதியத்துக்குள் இறங்கிவிடுகிறது. ஜெர்மனியில் இருக்கும் மகன், "பாகங்களை நாமே மாற்றிக்கொள்ளலாம், சுற்றுச்சூழலுக்கும் நல்லது" என்று ஃபேர்போன் வாங்கிவரட்டுமா என்கிறான். வாங்கலாமா? – வாசகர், பெரம்பூர்

பதில்: போனைக் குறை சொல்ல மாட்டேன். நெதர்லாந்து நிறுவனத்தின் தயாரிப்பு. 2023இல் வந்த ஃபேர்போன் 5இல் பின்மூடியைக் கையாலேயே திறந்து பேட்டரியை மாற்றலாம். டிஸ்பிளேவுக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். 2031 வரை சாஃப்ட்வேர் அப்டேட் தருவதாகவும் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் நீங்கள் இருப்பது பெரம்பூரில். அந்த நிறுவனம் இந்தியாவில் போன் விற்பதில்லை, சர்வீஸ் சென்டரும் இல்லை. டிஸ்பிளே உடைந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அலசினாலும் ஸ்பேர் கிடைப்பது சந்தேகம்தான். மகன் அடுத்து வரும்வரை காத்திருக்க வேண்டும். இங்கே பரவலாக விற்கும் போன்களைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், சூடு காட்டித்தான் திறக்க வேண்டும். இருந்தாலும் அதற்குக் கைப்பழக்கம் உள்ளவர்களும் பாகங்களும் பக்கத்திலேயே கிடைக்கும். சென்னையில் எது எளிதில் சரியாகும் என்று பார்த்தால், என் ஓட்டு இந்த ஒட்டிய போனுக்குத்தான்.

அதைவிட, உங்களுக்கு இப்போது புதுப் போனே தேவையில்லை என்று நினைக்கிறேன். லித்தியம் பேட்டரி பொதுவாக 500 முதல் 800 முழு சார்ஜுக்குள் தளரத் தொடங்கும். நான்கு வருடம் தினமும் சார்ஜ் போட்டிருந்தால் உங்களுடையது அதைத் தாண்டியிருக்கும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். தெருக்கடையில் 'ஒரிஜினல் மாதிரி' என்று தருவதைப் பேட்டரி விஷயத்தில் மட்டும் வேண்டாம் என்பேன். பின்மூடி உப்பியிருந்தால் இன்றே சார்ஜ் போடுவதை நிறுத்திவிடுங்கள். சுற்றுச்சூழல் கணக்கும் இதில் அடங்கிவிடுகிறது: ஒரு போனால் வரும் கார்பனில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே வெளியேறிவிடும். எனவே கையில் இருப்பதை இன்னும் இரண்டு வருடம் ஓட்டுவதே பெரிய லாபம்.

ஒரே ஒரு நிபந்தனை. செட்டிங்ஸில் கடைசி பாதுகாப்பு அப்டேட் எந்த மாதம் வந்தது என்று பாருங்கள். அது நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்து, அதே போனில்தான் பேங்க் ஆப்பும் யுபிஐயும் என்றால் மாற்றிவிடலாம். அப்போது கேமராவுக்கு முன்னால் அப்டேட் எத்தனை வருடம் என்று கேளுங்கள். சாம்சங் எஸ்24, பிக்சல் 8 போன்ற மேல்தட்டு மாடல்களுக்கு 7 வருடம் அறிவித்தார்கள். விலை குறைந்த மாடல்களில் பெரும்பாலும் இது குறையும். அப்புறம், வாங்கும் முன்பே சர்வீஸ் சென்டருக்கு போன் செய்து டிஸ்பிளே என்ன விலை என்று விசாரியுங்கள். போன் விலையில் பாதியைத் தொட்டால் அந்த மாடல் வேண்டாம்.

பேட்டரி மாற்றக் கொடுக்கும்போது முதலில் பேக்கப் எடுத்துவிடுங்கள். திரும்ப ஒட்டும்போது புதுப் பசை போடச் சொல்லுங்கள். அப்படியும் தண்ணீர் புகாத தன்மை பழையபடி இருக்கும் என்று நம்பி ஐப்பசி மழையில் நனைய விடாதீர்கள்.