எலிகளும் ஓர் எலுமிச்சம்பழமும்

அன்புள்ள ஐயா,

மில்வாக்கியில் மூன்று வருடமாக இருக்கிறேன். இந்த ஊரில் 1868இல் கட்டிய ‘ரவுஸ் சிம்மன்ஸ்’ என்ற மூன்று பாய்மர ஸ்கூனரைப் பற்றிச் சிறுகதை எழுத ஆசை. 1912 நவம்பரில், சிகாகோவுக்குக் கிறிஸ்துமஸ் மரம் ஏற்றிக்கொண்டு வரும்போது மிச்சிகன் ஏரியில் மூழ்கிய சரக்குக் கப்பல் அது. ஒருவரும் பிழைக்கவில்லை. புறப்படும் முன்பே எலிகள் கூட்டமாக இறங்கி ஓடியதாகவும், அதைப் பார்த்துச் சில மாலுமிகள் வர மறுத்ததாகவும் சொல்கிறார்கள். கதையை எலிகளில் தொடங்கலாமா? கேப்டனின் பேராசைதான் கதையின் மையம். பாட்டிலில் போட்ட கடிதம் ஒன்று கரை ஒதுங்கியதாம், அதில் முடிக்கலாமா? ஏரியில் கப்பல் மூழ்கியது என்றால் நம் வாசகர்கள் நம்புவார்களா?

கே.

அன்புள்ள கே.,

நம்புவார்கள். அந்த ஏரி இலங்கையைவிடக் கொஞ்சம்தான் சிறியது என்று ஒரு வரி போடுங்கள், போதும். பாட்டிலை விடுங்கள். மூழ்கிய கப்பல் என்றாலே எங்கிருந்தாவது ஒரு பாட்டில் மிதந்து வந்துவிடுகிறது.

இந்த எலிகளை நான் பல வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

விபத்து நடந்த மறுநாளே எலி, பூனை, பல்லி எல்லாம் சாட்சி சொல்ல வரிசையில் வந்து நின்றுவிடும். ஒழுங்காகக் கரை சேர்ந்த பயணங்களிலும் எலிகள் இறங்கியிருக்கும். அதை யார் கணக்கு வைத்தார்கள்? சகுனத்தில் எல்லோருக்கும் ஒரு சௌகரியம் இருக்கிறது. பழுது பார்க்க ஏன் காசு இல்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

நீங்கள் பேராசைக்காரர் என்று எழுதியிருக்கும் ஹெர்மன் ஷூனெமன், கிளார்க் தெருப் பாலத்தருகே கப்பலைக் கட்டி, மேல்தளத்தில் நின்றே மரம் விற்றவர். நடுவில் கடைக்காரர் இல்லாததால் ஐம்பது சென்ட், ஒரு டாலருக்கு நல்ல மரம் கிடைக்கும். இல்லாதவர்களுக்குச் சும்மாவும் கொடுப்பார். ‘கேப்டன் சாண்டா’ என்று ஊரே கூப்பிட்டது. அவர் அண்ணன் ஆகஸ்ட்டும் இதே வியாபாரத்தில், இதே ஏரியில், 1898 நவம்பரில் ‘எஸ். தால்’ என்ற கப்பலோடு போய்ச் சேர்ந்தவர். 1907இல் ஹெர்மன் திவாலானார். ரவுஸ் சிம்மன்ஸில்கூட அவருக்கு ஒரு பங்குதான். எந்த ஊர்ப் பேராசை இது? ‘பேராசை’ என்று எழுத ஒரு நொடி போதும், தம்பி. டிசம்பர் 25 தாண்டினால் அத்தனை மரமும் விறகு என்பதை யோசிக்கத்தான் நேரம் ஆகும்.

உங்கள் கடிதத்தில் கலப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மரக்கப்பலின் பலகை இடுக்குகளில் நாரைத் திணித்து, அடித்து இறுக்கி, மேலே கீல் பூசுவார்கள். தூத்துக்குடியில் தோணி வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். அது ஒரு தடவை செய்து மறக்கிற வேலை இல்லை. மரம் அசையும், நார் கழன்று வரும், திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். 44 வயதான கப்பல், ஆயுளில் பெரும்பகுதி அறுத்த மரம் சுமந்தது. அந்த வருடம் செலவுக்குப் பயந்து கலப்பத்தைத் தள்ளிப்போட்டதாகச் சொல்கிறார்கள். அதன்மேல் 3,000 முதல் 5,000 மரங்கள், மேல்தளத்திலும் கட்டுக்கட்டாக. பனிப்புயலில் நனைந்து உறைந்தால் என்ன எடை வரும்! எலி இறங்கினால் என்ன, ஏறினால் என்ன?

எனக்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்பீர்கள். பதினோரு வயதில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தேன்.

சித்தப்பாவிடம் ஒரு பழைய லாரி இருந்தது. பொங்கலுக்கு மேலூர்ப் பக்கம் கரும்பு ஏற்றி மெட்ராஸ் கொண்டுபோவார். பொங்கல் முடிந்தால் கரும்பை மாடுதான் தின்னும், அதனால் முந்திப் போய்ச் சேர்பவனுக்குத்தான் விலை. அந்த வருடம் முன்சக்கரத்தடியில் பழம் வைக்கிற வேலையை என்னிடம் கொடுத்தார். வைத்தேன். வண்டி நகர்ந்ததும் பழம் நசுங்காமல் விலகி உருண்டு, சாக்கடை ஓரம் போய் நின்றது. மஞ்சள் நிறம்கூடக் கலையவில்லை. விடியற்காலையில், திண்டிவனம் பக்கத்தில், டயர் வெடித்து லாரி கவிழ்ந்தது. சித்தப்பா இடது காலில் கம்பியோடு திரும்பி வந்தார். கரும்பை வழியில் போனவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். எங்கள் தெருவே பழத்தைப் பற்றித்தான் பேசியது. பழம் ஒழுங்காக வைக்கத் தெரியாத பிள்ளை என்று என் முன்னாலேயே சொன்னார்கள்.

நான் சாப்பிடாமல் கிடந்தேன். சித்தி அடுப்படியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்து என் மடியில் விரித்தார். பால் கணக்கு, சீட்டுப் பணம், பைனான்ஸ்காரருக்குக் கட்டிய தவணை எல்லாம் அவர் கையெழுத்தில். நடுவில் ஒரு வரி: ‘முன் டயர் 2, மொட்டை. பொங்கல் கழித்து.’ விரலால் அதைத் தொட்டுக் காட்டிவிட்டு, “சாப்பிட வா” என்றார். அவ்வளவுதான்.

சரி, உங்கள் கப்பலுக்கு வருகிறேன். நவம்பர் 22 அன்று ஏரியின் வடகரையிலுள்ள தாம்சன் என்ற ஊரிலிருந்து கிளம்பியது. மறுநாள் பிற்பகல் 2.50க்கு மேற்குக் கரையிலுள்ள கிவானி மீட்பு நிலையத்துக்காரர்கள் தூரத்தில் ஒரு ஸ்கூனரைப் பார்த்தார்கள், ஆபத்து என்பதற்கு அடையாளமாகக் கொடி அரைக்கம்பத்தில். அவர்களிடம் அப்போது மோட்டார் படகு இல்லை. தெற்கே டூ ரிவர்ஸுக்குப் போன் செய்தார்கள். அங்கிருந்து போன படகு பனியில் தேடிச் சலித்துத் திரும்பியது. 1971இல் கென்ட் பெல்ரிச்சர்ட் என்ற முக்குளிப்பவர் சுமார் 50 மீட்டர் ஆழத்தில் கப்பலைக் கண்டுபிடித்தார். நம் கடலாக இருந்தால் மரத்தைத் துளைக்கும் புழு தின்று தீர்த்திருக்கும். அந்தக் குளிர்ந்த நன்னீரில் அடுக்கிய மரங்கள் அறைக்குள் அப்படியே கிடந்தன, சிலவற்றில் ஊசியிலைகூட உதிராமல்.

எலி வேண்டாம் என்றால் எதில் தொடங்குவது? 1924இல் மீன் வலையில் ஒரு பர்ஸ் சிக்கியது. எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்ததால் உள்ளே காகிதங்கள் கெடவில்லை. ஷூனெமனுடையது. பன்னிரண்டு வருடம் தண்ணீருக்கடியில் இருந்த பர்ஸ் வீட்டுக்கு வந்த அன்று அவர் மனைவி பார்பரா என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். கணவர் போன பிறகும் அந்தம்மாளும் மகள்களும் மரம் விற்பதை நிறுத்தவில்லை. பின்னாளில் மரங்கள் ரயிலில் வந்தன. 1933இல் பார்பரா இறந்தபோது கல்லறைக் கல்லில் இருவர் பெயருக்கும் நடுவே ஒரு சின்ன மரம் செதுக்கினார்கள். நீங்கள் இருக்கும் ஊரிலிருந்து இரண்டு மணி நேரம்தான், சிகாகோ. போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பேராசையை அடித்துவிட்டு அனுப்புங்கள், படிக்கிறேன்.