மறைநூல்களை இலக்கியமாக நடத்துவது எப்படி?

கேள்வி: இளங்கலைத் தமிழ் மாணவர்களுக்கு உலகச் சமயங்களின் மறைநூல்களை இலக்கியப் பாடமாக நடத்தும் பொறுப்பை எனக்குத் தந்திருக்கிறார்கள். என் வகுப்பில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்துக்களும் இசுலாமியரும் கிறித்தவரும் கலந்து அமர்ந்திருக்கிறார்கள். "இது மதப் போதனை இல்லையா?" என்று ஒரு பெற்றோர் கேட்டார். யார் மனமும் புண்படாமல் இதை எப்படி நடத்துவது, ஐயா?
– தமிழ் விரிவுரையாளர் ஒருவர், கிருஷ்ணகிரி

பதில்: அந்தப் பெற்றோருக்கு உரிய விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனங்களில் சமயப் போதனை கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. சமயங்களைப் பற்றிப் படிப்பது அந்தத் தடைக்குள் வராது என்பதை 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

வாரத்துக்கு ஒரு சமயம் என்று பாடத்தைப் பிரிக்காதீர்கள், அம்மா. பிரித்தால், அந்தந்த வாரத்தில் அந்தச் சமயத்துப் பிள்ளை தன் சமயம் முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டியவராகிவிடுவார். மாறாக, ஓர் இலக்கியக் கூறை எடுத்துக்கொண்டு அதைப் பல நூல்களில் தேடச் செய்யுங்கள். திரும்பத் திரும்ப வரும் இறுதி அடியையே எடுத்துக்கொள்ளலாம். விவிலியத்தின் 136ஆம் சங்கீதத்தில் 26 வசனங்களும் இறைவனின் கிருபை என்றுமுள்ளது என்றே முடிகின்றன. படைப்பு, கடலைக் கடந்த மக்கள், போரில் வீழ்ந்த மன்னர்கள் என்று முற்பகுதி நகர்ந்துகொண்டே போக, பிற்பகுதி மட்டும் அசையாமல் நிற்கிறது. குர்ஆனின் 55ஆம் அத்தியாயமான அர்ரஹ்மானில், இறைவனின் அருட்கொடைகளில் எதைப் பொய்யாக்குவீர்கள் என்ற வினா, 78 வசனங்களுக்குள் 31 முறை வருகிறது. கனிகளையும் கடலையும் சொன்ன பின் நன்றியுணர்வைத் தூண்டும் அதே வினா, நரகத்தைச் சொன்ன பின் எச்சரிக்கையாக ஒலிக்கிறது. திருப்பாவையின் 30 பாடல்களும் திருவெம்பாவையின் 20 பாடல்களும் 'ஏலோர் எம்பாவாய்' என்றே முடிகின்றன. ஒரே அடி ஒவ்வோரிடத்திலும் என்ன வேலை செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள். எந்த வீட்டுப் பிள்ளையும் தயக்கமின்றிப் பேசும்.

தமிழில் இதற்கு முன்மாதிரி தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் சைவவாதி, வைணவவாதி, ஆசீவகவாதி, ஐம்பூதங்களே எல்லாம் என்னும் பூதவாதி முதலியோர் தத்தம் கொள்கையைத் தாமே எடுத்துரைக்கிறார்கள். அந்நூலை இயற்றிய சாத்தனார் நடுநிலையாளர் அல்லர், பௌத்தப் பக்கம் நிற்பவர். அதையும் மாணவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சார்புடைய ஒருவர் பிறர் கருத்துக்கு எவ்வளவு இடம் தந்தார், எங்கே அவர்களை மறுத்தார் என்பதை ஆராய்வதே நல்ல இலக்கியப் பாடம்.

இசுலாமியருக்குக் குர்ஆன் அரபியில் ஓதப்படுவதே மறை. தமிழாக்கம் அதன் பொருள் விளக்கம் மட்டுமே. ஆகவே மூலப்பிரதியைக் கைக்குக் கை மாற்றாமல், தமிழாக்கப் பகுதியை மட்டும் அச்சிட்டுக் கொடுங்கள். அந்தத் தாள் எந்த மறைநூலுடையதாக இருந்தாலும் தரையில் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓதிக் காட்டும்படி எந்த மாணவரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். தாமாக முன்வந்தால் மகிழ்ச்சியோடு கேளுங்கள். தேர்வில் அடியமைப்பைப் பற்றியும் உவமையைப் பற்றியும் கேளுங்கள். அந்தப் பகுதியில் பேசுவோர் யார், கேட்போர் யார் என்றும் கேளுங்கள். எந்த நூல் உயர்ந்தது என்ற ஒப்பீட்டுக்கு வினாத்தாளில் இடம் தர வேண்டாம்.