லண்டன் கணக்கு, கிளிநொச்சி மேசை: கேள்வி பதில்

நான் கிளிநொச்சியில வீட்டில இருந்து லண்டன் ஒபிஸ் ஒண்டுக்குக் கணக்கெழுதுறன், ஏழு வருசமாச்சு. தை (ஜனவரி) 31 அங்க வரிப் படிவம் குடுக்கிற கடைசி நாள், அதால பொங்கலண்டும் எங்கட வீட்டில லப்டொப் திறந்துதான் கிடக்கும். இப்ப கொஞ்சம் ஓய்வு, கேளுங்கோ.

புதுக்குடியிருப்பில இருந்து: அக்கா, எனக்கு மணித்தியாலத்துக்கு 3 பவுண் தாறாங்கள். அங்க ஆகக்குறைஞ்சது 12.21 ஆமே, ஏமாத்துறாங்களோ?

அது 2025 ஏப்ரல்ல இருந்து 2026 மார்ச் வரைக்குமான கணக்கு, அங்க நிண்டு வேலை செய்யிற 21 வயசும் அதுக்கு மேலயும் ஆனவைக்கு. இஞ்ச இருக்கிற எங்களுக்குச் செல்லாது. உமக்குப் போட்டி லண்டன்காரன் இல்லைத் தங்கச்சி, மணிலாவிலயும் லாகூரிலயும் இதே வேலை செய்யிற பிள்ளையள், அதுதான் விலை ஏறுதில்லை. ஆனா எங்கட நாட்டில 2026 தையில இருந்து ஆகக்குறைஞ்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா, நீர் முழுநேரம் செய்தா ஒண்டரை லட்சம் தாண்டும். டவுண் கடைக்காரர் கணக்கெழுத ஆள் இல்லாமல் அலையிறது இதாலதான், பாவம், அவருக்கும் கூட்டிக் குடுக்க வழியில்லை. லண்டன்காரற்ர வரிச் சட்டம் கைக்குள்ள வரட்டும், பிறகு 5, 6 பவுண் கேளும், நானும் அப்பிடித்தான் கேட்டனான்.

மல்லாவியில இருந்து: டொரொன்டோ மாமான்ர கம்பனிக்கு இரவு வேலை அக்கா. மாதம் 40,000 ரூபா, உண்டியல்ல (பாங்குக்குப் போகாமல் ஆள் மூலமா) அனுப்புறார். ஊரில அது பெரிய காசாம்.

அங்க காலமை 9 எண்டா இஞ்ச பின்னேரம் 6.30, குளிர் காலத்தில 7.30, முடிய விடியப்புறம் 3 ஆகும். வன்னிப் பிள்ளை குடுக்கிறதை வாங்கும் எண்ட நினைப்பு வெள்ளைக்காரனை விட எங்கட ஆக்களிட்டத்தான் கூட, சொன்னா எனக்குப் பேச்சு விழும், விழட்டும். மணித்தியாலக் கணக்கில கேளும் தம்பி, உண்டியலும் வேண்டாம். பாங்கால வந்தாத்தான் இந்த வெளிநாட்டு வேலை வருமானத்துக்கு ஆகக்கூடின வரி 15 வீதம், வருசம் 18 லட்சம் வரைக்கும் வரியே இல்லை. இப்ப உமக்கு வரி வராதுதான், ஆனா நாளைக்கு லோனுக்குப் போனா மனேஜர் கேக்கிறது ஸ்டேட்மென்ட், மாமான்ர பேரை இல்லை.

நெடுங்கேணியில இருந்து: ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) இருக்கோ?

இல்லை. இஞ்சத்தைய முதலாளி எண்டா ஈபிஎஃப் 12 வீதம், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் போடோணும். கொன்ட்ராக்டில வேலை தாறவைக்கு நாங்கள் வேலையாள் இல்லை, பில் போடுற வியாபாரி. அம்மான்ர ஒப்பரேசனுக்கு ரெண்டு கிழமை வேலை செய்யாமல் நிண்டனான், சதம் வரேல்ல. விலை பேசேக்க அந்த ஈபிஎஃப், ஈடிஎஃப் 15 வீதத்தையும் லீவையும் சேர்த்துப் பேசுங்கோ.

ஒட்டுசுட்டானில இருந்து: மாரிக்கு கரண்ட் போனா?

ரவுட்டருக்கு சின்ன யூபிஎஸ், ரெண்டு கம்பனி சிம். அதுவும் படுத்தா ஜெனரேட்டர் இருக்கிற இடத்துக்கு ஓட்டம்தான், ஒருக்கா கோயில் மடத்தில பந்திக்கு இலை போடப் போட நான் ஒரு மூலையில இருந்து வட் (VAT) வரிக் கணக்கு அனுப்பினனான்.